சுவர்ப்பக்கம் திருப்பிய பலகை

ஜனவரி 11

அண்ணனுக்கு,

உன் முகவரியை மரவாடிக் கணக்கரிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். "குடுக்க வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான்மா" என்றார். "எனக்குமா?" என்றேன். "உனக்குத்தான்" என்றார். எட்டு மாதமாக நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அம்மா செய்தாலும் எடுப்பதில்லை. அம்மா ஒரே ஒரு தடவைதான் செய்தாள், அதுவும் திட்டுவதற்கு. அதனால் அதை விடு.

விஷயத்துக்கு வருகிறேன். வரிசை வீட்டு மாடியில் நான் போட்ட கைப்பிடி உடைந்து தையல்கார அக்கா விழுந்ததை இத்தனை நாள் கழித்து நகராட்சி விசாரிக்கப் போகிறது. மார்ச் ஆறாம் தேதி ஒரு பொறியாளர் வருகிறார். அவருக்கு முன்னால் எல்லாம் காகிதத்தில் இருக்கவேண்டும் என்று அந்த வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். கொண்டுவந்த காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். "மாடிக் கைப்பிடிக்கு மரம் தேர்ந்து கொடுத்தவன் நான். மரம் தரமற்றது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை." அவ்வளவுதான். கீழே கோடு போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நீ எப்படியும் வேலையை விட்டாய், ஊரையும் விட்டாய். இதனால் புதிதாக உனக்கு ஒன்றும் ஆகாது. கையெழுத்து வந்தால் என் பட்டறை பிழைக்கும். நாற்பது வீட்டுக் கட்டடத்துக்குக் கதவு செய்துகொண்டிருக்கிறேன், இந்த வம்பில் அது நின்றால் அம்மாவும் நானும் தெருவில்தான்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "என்ன எழுதற, என்ன எழுதற" என்கிறாள். "அவனுக்கு மரம் மட்டுமில்ல, மனுசங்களையும் பாக்கத் தெரியலன்னு எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன்.

மரத்தைப் பற்றி நீளமாக ஒன்றும் எழுதாதே. கையெழுத்துப் போதும்.

தங்கை


ஜனவரி 24

உளிக்கு,

இந்தப் பெயரை இன்னும் உனக்குச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிப் பழகிவிட்டது.

கடிதம் கிடைத்தது. நான் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அறுப்பாலையில் இருக்கிறேன். மரம் பார்ப்பதில்லை. லாரியில் ஏற்றுகிறேன், இறக்குகிறேன். மேஸ்திரிக்கு நான் முன்னே என்ன வேலை செய்தேன் என்பது எப்படியோ தெரிந்துவிட்டது. "ஏம்ப்பா, கண்ணால எடை போடறவன் முதுகால எதுக்குத் தூக்கற?" என்று தினமும் கேட்கிறார். முதுகு தப்புச் செய்தால் எனக்கு மட்டும்தான் வலிக்கும் என்றேன். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

கையெழுத்துப் போடுகிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் எதற்குப் போடுகிறேன் என்று எனக்குத் தெரியவேண்டும். அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் உடைசலை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஒரு துண்டைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. நீ எல்லார் முன்னாலும் கத்திய பிறகு எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை.

ஒன்பது பலகை. மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். மழையில் நனையப் போகிற இடம், பெண்கள் சாய்ந்து நிற்கப் போகிற இடம் என்று தெரிந்துதான் பார்த்தேன். மரத்தின் நடுப்பகுதி, வைரம் மட்டும். சுற்றியிருக்கும் வெளிறு ஒரு விரல் அகலம் இருந்தாலும் தள்ளினேன். முனையை நனைத்து நிறம் பார்த்தேன், சீவலை மோந்து பார்த்தேன், தலையிலிருந்து கால்வரை தட்டிப் பார்த்தேன். எங்கும் சத்தம் மாறவில்லை. தேறியதன் முனையில் நீலச் சுண்ணாம்பால் அரைவட்டம் போட்டேன். அதுதான் என் குறி என்று உனக்குத் தெரியும்.

பிறகு எப்படி உடைந்தது? இதைத்தான் எட்டு மாதமாக மனதில் அறுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மூன்று விஷயம் மட்டும் எழுது. உடைந்த இடத்தில் தூள் இருந்ததா? இருந்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரியா, கசகசா மாதிரி மணிமணியாகவா? மண் பாதை ஏதாவது ஏறியிருந்ததா? பவுடர் என்றால் வண்டு. மணி என்றால் உள்ளேயே கூடு கட்டும் கரையான். மண் என்றால் தரையிலிருந்து ஏறிய கரையான். மூன்றும் மூன்று தப்பு. எது என் தப்பு என்று தெரிந்தால் தூங்குவேன்.

ஒரு துண்டு கிடைத்தால் அனுப்பு.

அந்த அக்காவால் மிதிக்க முடிகிறதா? தையல் மிஷினைக் கேட்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணனுக்கு,

துண்டு இல்லை. எரித்துவிட்டார்கள்.

தூள் பவுடர் மாதிரிதான் இருந்தது. உள்ளே முழுக்க வெள்ளை. கைப்பிடி கம்பத்துக்குள் நுழையும் முனை ஈரத்தில் ஊறி, விரலால் கிள்ளினால் பிய்ந்தது. போதுமா? மண் எதுவும் இல்லை.

அக்காவால் மிதிக்க முடியவில்லை. இடுப்பு எலும்பு கூடிவிட்டது, வலது கால் குட்டையாகிவிட்டது. மிஷினில் கைச்சக்கரம் பொருத்தியிருக்கிறாள். ஒரு கையால் சுற்றிக்கொண்டு ஒரு கையால் துணி தள்ளினால் முன்பு தைத்ததில் பாதிதான் தைக்க முடியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே வீட்டுக்காரர் ஆள் வாடகைக்கு வந்து நின்றான். "கீழ விழுந்தது நீ, வாடகை ஏன் விழணும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தானாம். அந்த வரிசையில் இருபத்திரண்டு குடும்பம். சலவை ஆலையிலும் தையல் ஆலையிலும் வேலை செய்கிற கூட்டம். ஒருத்தருக்குக்கூட அவனை அறையக் கை வரவில்லை. அறைந்தால் வீடு போகும். நம்மை மாதிரி ஆட்களுக்குக் கோபம்கூட வாடகைக்குத்தான் கிடைக்கிறது.

உடைந்த இடத்தில் இப்போது கயிறு கட்டியிருக்கிறார்கள். துணி காயப்போடும் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். இனிக் கேள்வி கேட்காதே. கையெழுத்தை அனுப்பு.

தங்கை


பிப்ரவரி 13

உளிக்கு,

கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். முதலில் அதை எடுத்து வைத்துக்கொள். பிறகு மீதியைப் படி.

பவுடர் தூள், உள்ளே வெள்ளை என்று எழுதியிருக்கிறாய். அந்த வண்டு வெளிறைத்தான் தின்னும். வைரத்தைத் தொடாது. வெளிறில் மாவுச்சத்து இருக்கிறது, வைரத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை. அப்படியானால் நான் கொடுத்த ஒன்பது பலகையும் வெளிறு. வெளிறுக்கும் வைரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் மூன்று நாள் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிறம் பிரித்துப் பார்க்கும் புத்தகத்தை டாக்டர் காட்டினார். எல்லாப் பக்கமும் சரியாகச் சொன்னேன். "உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்றார். "பழுப்பை வெள்ளைன்னும், வெள்ளையைப் பழுப்புன்னும் பாக்கறேனோன்னு பயம்" என்றேன். "கண்ணுல ஒண்ணும் இல்ல. நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்றார். லோடு ஏற்றுகிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோடு ஏற்றுகிறவனுக்கு எதற்கு நிறம் என்று நினைத்திருப்பார்.

கண் சரி என்றால் கை சரியில்லை. கை சரி என்றால் புத்தி சரியில்லை. எங்கோ ஓர் இடத்தில் பழுது. மேஸ்திரி போன திங்கட்கிழமை மரம் பார்க்கிற வேலையைத் தருகிறேன் என்றார். படகுத் தளத்துக்கு வேங்கை மரம் வந்திருக்கிறது, பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை. வேண்டாம் என்றேன். யாரோ ஒருத்தர் அந்தத் தளத்தில் நிற்பார்களே. இங்கே தங்கும் அறைக்கு ஒரு மரப்படி இருக்கிறது. நான் அதன் கைப்பிடியைப் பிடிப்பதில்லை. பிடிக்காமல் சுவரோரமாக ஏறுகிறேன். கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள்.

கைப்பிடி போட்டு முடித்த புதிதில் ஒரு நாள் நான் பார்க்க வந்தேன், நினைவிருக்கிறதா? ரொம்பக் கருப்பாக இருந்தது. "ஏன் இவ்வளவு சாயம்?" என்றேன். "வெயிலுக்கு" என்றாய். அன்றைக்கே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதுதான் கடைசி. பலகையை அறுக்கும்போது முனையில் நீல அரைவட்டம் இருந்ததா? மரவாடியில் யாராவது மாற்றி ஏற்றியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. இருந்தது என்றால் சரி, விட்டுவிடுகிறேன். நீ சொன்னால் நம்புகிறேன்.

அம்மா சொன்னது சரிதான் என்று அவளிடம் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

உன் கையெழுத்து வந்து நான்கு நாள் ஆகிறது. வீட்டுக்காரர் ஆள் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான். தபாலில் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். காகிதம் இழைப்புளிப் பெட்டிக்குள் இருக்கிறது.

நீ கண் ஆஸ்பத்திரிக்குப் போனாய் என்ற இடத்தைப் படித்தபோது அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தை விட்டுவிட்டு அவளுக்குப் படித்துக் காட்டினேன். உன் கடிதங்களில் பாதியை அப்படித்தான் படிக்கிறேன்.

நீல அரைவட்டம் இருந்தது. ஒன்பதிலும் இருந்தது. அந்த ஒன்பதும் கைப்பிடிக்குப் போகவில்லை.

பலகை பட்டறைக்கு வந்த மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். கைப்பிடி எத்தனை நாளில் ஆகும் என்று கேட்கத்தான் வந்தார். பலகையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் உள்ளங்கையால் தடவினார். "இது எங்க போகுது?" என்றார். வரிசை வீட்டு மாடிக்கு, நீங்கள் சொன்ன கைப்பிடிக்கு என்றேன். "வாடகைக்கு இருக்கறவங்க சாஞ்சுக்க வைரமா? என்னம்மா நீ." பிறகு, "எம் வீட்டுக்குப் பன்னெண்டு பேர் உக்கார்ற மேசை ஒண்ணு வேணும். இதுல போடு. மாடிக்கு வேற எதையாவது வெச்சுச் சாயம் அடி. மேல இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாப்பது வீடு கட்டறேன். கதவுக்கு ஆள் பாத்துட்டு இருக்கேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மேசை என்பது என்ன அண்ணா? நான்கு சுவருக்குள், கூரைக்குக் கீழே, தினமும் துடைத்து வைக்கிற சாமான். மாமரத்தில் செய்து, மருந்தில் ஊறவைத்து, நன்றாகக் காயவைத்தால் அதுவே அவர் ஆயுசுக்கு வரும். மழையில் நிற்கவேண்டிய மரத்தை விசிறிக்குக் கீழே வைத்தேன். விசிறிக்குக் கீழே வைக்கவும் லாயக்கில்லாத மரத்தை மழையில் நிறுத்தினேன். இது எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

கைப்பிடிக்கு அறுப்பாலையில் கழித்த புறப்பலகை வாங்கினேன். தேக்குதான், யாராவது கேட்டால் தேக்கு என்று சொல்லலாம். ஆனால் மரத்தின் ஓரம், முழுக்க வெளிறு. ஒரு பக்கம் மட்டும் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அந்தப் பக்கத்தைத் தெருவைப் பார்த்து வைத்தேன், அவர் காரில் போனால் தெரியும் என்று. வெள்ளைப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். அலமாரிக்கு அப்படித்தானே செய்வோம், வெளிறைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது, கெட்டும் போகாது. கை பழக்கத்தில் செய்துவிட்டது. மாடியில் சுவரைப் பார்க்கிற பக்கத்தில்தான் வெயில் படாது, அங்கேதான் அவர்கள் ஈரத்துணியைப் போடுகிறார்கள், அங்கேதான் வயிற்றைச் சாய்த்து நிற்கிறார்கள். இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. மூன்று கை சாயம் அடித்தேன். ஐந்து வருஷம் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினாலு மாதம் தாங்கியது.

நீ பார்க்க வந்த அன்றைக்கு விரலை மடக்கிக் கைப்பிடிப் பக்கம் கொண்டுபோனாய். நீ தட்டப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "வா அண்ணா, டீ ஆறுது" என்றேன். டீ இன்னும் வாங்கவே இல்லை. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன பிறகுதான் வாங்கினேன்.

அக்கா விழுந்த அன்றைக்கு வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும், "மரம் பாத்தவன் கைய ஒடிக்கணும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். உன்னைப் பார்க்கவில்லை, என்னை. நீ உன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போது நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. வெளியே வந்தது, "என்னத்தப் பாத்துக் குடுத்த நீ" என்பதுதான்.

நாற்பது கதவில் பதினொன்று மாட்டிவிட்டேன். ஒவ்வொன்றும் நன்றாக மூடுகிறது.

மேசையின் அடிப்பக்கத்தில், சட்டம் காலோடு சேரும் மூலையில், உன் அரைவட்டம் ஒன்றை நான் இழைக்காமல் விட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்காதே.

தங்கை


பிப்ரவரி 27

படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

திட்டி நான்கு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன்.

எனக்கு நீ ஒன்றும் செய்யவேண்டாம். முதலில் அந்த அக்காவிடம் போய்ச் சொல். விசாரணையில் அவளாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. அடுத்து, இத்துடன் திருப்பி அனுப்பும் உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. ஒரு வரிகூட விடாதே. மூன்றாவதாகத்தான் பொறியாளர்.

நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீயே கிழி.


மார்ச் 19

அண்ணா,

நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். உன் கையெழுத்துக் காகிதத்தையும் கிழித்துவிட்டேன்.

அக்கா மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டாள். எண்ணெய்க் குப்பியை மூடினாள். "பத்து மாசமா உங்கண்ணனுக்கு நான் சாபம் விட்டுட்டு இருக்கேன்" என்றாள். "காலைல எந்திரிச்சு காலக் கீழ வைக்கும்போது ஒண்ணு. மாடிப்படி ஏறும்போது ஒண்ணு. அவ்வளவையும் இப்ப யாரு போய்த் திரும்ப எடுத்துட்டு வருவா? நீ போவியா?" "நீ எனக்கு ஜாக்கெட் துணி கொண்டு வருவியே. உடம்புல ஊசி குத்திரக்கூடாதுன்னு எவ்வளவு பாத்துப் பாத்து அளவெடுப்பேன் உனக்கு" என்றாள். அதற்குப் பிறகு சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். சத்தத்தில் நான் பேசினால் கேட்காது என்பதற்காகத்தான் சுற்றினாள். மிஷினில் துணியே இல்லை.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். டீ இடத்துக்கு வந்தபோது "நிறுத்து" என்றாள். பிறகு "படி" என்றாள். முடிந்ததும், "அவன் கண்ணாஸ்பத்திரிக்குப் போனத நீ எனக்குப் படிக்கவே இல்லையே" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேசுவதில்லை. உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்கிறாள். அழுத்துவதில்லை. "திட்டுறதுக்கு மட்டும் போன் போட்டவ, இப்ப என்னத்தச் சொல்லுவேன்" என்று சுவரிடம் சொன்னாள்.

விசாரணையைக் கேட்கிறாயா? பொறியாளர் அரை மணி நேரம் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேசையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் அண்ணன் போட்ட குறி இருக்கிறது என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். "சார், மாடிய விசாரிக்க வந்தீங்களா, என் வீட்டுச் சாப்பாட்டு மேசைய விசாரிக்க வந்தீங்களா?" பொறியாளரும் சிரித்தார். அப்போது அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். "மேசைக்கு வைரம் போட்டா தப்பில்ல சார். எனக்கு என்ன போட்டாங்கன்னு மட்டும் எழுதிக்கங்க" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். "தச்சு வேலை செய்தவரின் கவனக்குறைவு" என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். மேசை அவர் தாளில் ஏறவே இல்லை.

அவர் எழுதியது பொய்யும் இல்லை. அதுதான் எரிகிறது. நான் செய்ததை மட்டும் எழுதினார், செய்யச் சொன்னவனை எழுதவில்லை.

கதவு வேலை போய்விட்டது. மீதி இருபத்தொன்பதையும் வேறு ஆள் மாட்டுகிறான். ஆனால் உன் பெயர் அந்தத் தாளில் இல்லை. மரவாடிக் கணக்கரிடமும் போய்ச் சொன்னேன். "அவன் வந்தா இடம் இருக்கு" என்றார்.

வரிசை வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி, கைப்பிடி போடும்வரை வாடகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வீடும். அந்த ஆள் வந்து சிரித்துப் பார்த்தான், கத்திப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். இந்தப் புத்தி பத்து மாதம் முன்னால் வந்திருக்கலாம். எனக்கும்தான்.

மரம் வாங்கித் தந்தால் நானே போட்டுத் தருகிறேன் என்றேன். நீயா என்று ஒருத்தி கேட்டாள். அக்காதான், "அவளே போடட்டும். இந்தத் தடவை நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்" என்றாள்.

எந்த மரம் என்று சொல். தேக்கு வைரம் வாங்க யாராலும் முடியாது. நீ வந்து பார்த்துக் கொடுத்தால் நல்லது. கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 4

உளிக்கு,

அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

தேக்குதான் வேண்டும் என்று இல்லை. மழை படுகிற இடத்துக்கு மரத்தின் பெயரைவிட அதன் நடுவா ஓரமா என்பதுதான் முக்கியம். தேக்கின் ஓரத்தைவிடப் பலாவின் நடு மேல். படகுத் தளத்துக்கு வந்த வேங்கையில் நீளம் போதாமல் ஒதுக்கிய துண்டுகள் இங்கே கிடந்தன. மேஸ்திரியிடம் கேட்டேன். "எடுத்துக்க. ஆனா தளத்து மரத்த நீதான் பாக்கணும்" என்றார். பார்க்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து பார்க்கிறேன். முதல் நாள் ஒரு பலகைக்கு ஒரு மணி நேரம் ஆனது. கூட இருப்பவர்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறாயா என்றார்கள்.

ஏழு துண்டு லாரியில் வருகிறது. குட்டையாக இருக்கும். ஒரே நீளமாகப் போடாமல் கம்பத்துக்குக் கம்பம் தனித்தனியாகப் போடு. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஓரத்தில் வெளிறு இருந்தால் எந்தப் பக்கமும் திருப்பாதே, வெட்டி எறி. கம்பத்தைத் தரையில் புதைக்காதே. இரும்புப் பட்டையில் இரண்டு விரல் உயரம் தூக்கி நிறுத்து, அடியில் காற்று போகட்டும். கைப்பிடியின் மேல்பக்கத்தைத் தட்டையாக விடாமல் சரிவாக இழை, தண்ணீர் நிற்கக்கூடாது. அறுத்த முனைகளுக்கு இரண்டு மடங்கு எண்ணெய் கொடு, மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். சாயம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சாய்ந்து நிற்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

வேங்கை நனைந்தால் முதல் சில மழைக்குச் சிவப்பாகச் சாயம் விடும். துணி போடவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடு. இல்லாவிட்டால் அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

இப்போது நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. நீ கையைப் பிடித்து இழுத்ததால்தான் அன்றைக்கு நான் தட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது முழுக்க உண்மை இல்லை. நிறத்தைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. விரலை மடக்கினேன். என் தங்கை செய்தது, அதைப் போய்த் தட்டுவதா என்று ஒரு கூச்சம். நீ கூப்பிட்டது எனக்கு வசதியாகப் போயிற்று. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து தட்டியிருக்கலாம். அக்காவின் கைப்பிடி டீக்கடையிலிருந்து எத்தனை அடி? அந்த ஒரு தட்டை நான் தட்டியிருந்தால் அவள் இப்போது மிதித்துத் தைத்துக்கொண்டிருப்பாள். இதை அவளிடம் சொல். என் பெயர் அந்தத் தாளில் இல்லாமல் போனது சரியில்லை.

மரவாடிக்கு நான் திரும்பி வரவில்லை. கணக்கரிடம் சொல்லிவிடு. உன் மேல் கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை, கேட்காதவரை நல்லது.

லாரி வந்ததும் அண்ணன் பார்த்த மரம் என்று விட்டுவிடாதே. ஏழிலும் அரைவட்டம் இருக்கும், அதையும் நம்பாதே. ஒவ்வொன்றையும் தலையிலிருந்து கால்வரை தட்டு. அக்காவையும் தட்டச் சொல், அவள் கைத்தடியாலேயே தட்டட்டும். சத்தம் மாறினால் திருப்பி அனுப்பு.

போட்டு முடித்ததும் எழுது. ஒரு நாள் வந்து தட்டிப் பார்க்கிறேன். அன்றைக்கு டீக்குக் கூப்பிடாதே.

அண்ணன்